வெறும் டிஸ்க்

இடுப்பு வலிக்கிறது, ஐயா. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து சொல்கிறேன். நெல் ஆலையில் மூட்டை தூக்கிய காலத்து வலி. கணினிக்கு முன்னால் கதிரை கிடைத்த பிறகும் விட்டுப் போகவில்லை.

சுனாமிக் கடல் வந்த பிறகு கல்முனையில் ஒரு நிவாரண நிறுவனம் எங்களைப் போன்றவர்களுக்குக் கணினி படிப்பித்தது. அவர்களுடைய கந்தோரிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது. பொறுப்பாளர் ஜவுபர் காக்கா. நான் பாண்டிருப்புத் தமிழன். மற்ற எல்லாரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போவார்கள், கந்தோர்ப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கும். ஒருநாளும் ஒரு பேனை குறைந்ததில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது டிஸ்க் மாற்றிய விசயம். பெரிய கணினிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும்படி மென்பொருளில் கட்டியிருந்தார்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். பழுதானதைக் கழற்றி, வெறும் டிஸ்க் ஒன்றைப் போட்டு, நல்லதிலிருந்து நகல் எடுக்கச் சொன்னால் திரும்பவும் இரண்டாகிவிடும். வெளியே இன்னொரு பிரதி வைப்போம் என்று நான்தான் முன்பு சொன்னேன். "ரெண்டு இரிக்கிதானே குணம், மூணாவது என்னத்துக்கு?" என்றார் ஜவுபர் காக்கா.

உள்ளே இருந்தவை கடல் வந்த கிழமை எடுத்த படங்கள். புதைக்க முன் எடுத்த முகங்கள். பள்ளிக்கூடங்களில் தனியே நின்ற பிள்ளைகளின் முகங்கள். கரையோரச் சனம் பிறகும் வந்து பார்த்து, தங்கள் ஆட்களை அடையாளம் கண்டு அழுதுவிட்டுப் போகும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சிவரூபினி வந்தாள். தம்பிலுவில் பெண். மூன்று வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் புருசனோடு வன்னிக்குப் போனவள். தங்கை குடும்பம் முழுக்கக் கடலோடு போய்விட்டது என்றுதான் அவளுக்குச் சேதி போயிருக்கிறது. கடைசிச் சண்டையில் புருசனும் போனான். முகாமில் ஊர்க்காரி ஒருத்தி, கடல் வந்த மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உயிரோடு கண்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

"இடப் புருவத்தில காயத் தழும்பு இரிக்கும் தம்பி. நான் தேங்காய் திருவக்குள்ள பிள்ள வந்து திருவலையில விழுந்தவள். படத்தைக் கண்டாப் போதும், எனக்குத் தெரியும்."

அந்தக் கிழமைதான் ஒரு டிஸ்க் பழுதாகியிருந்தது. "வெள்ளிக்கிழமை வாங்க தங்கச்சி, குணம் புதுசு போட்டிருவான்" என்று ஜவுபர் காக்கா அனுப்பிவைத்தார்.

எனக்கும் ஒரு மகள் இருந்தாள், தர்சிகா. கடல் கொண்டுபோனது. மனைவி சாப்பிடவில்லை, கதைக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நான் பிணம் தேடிப் போன பள்ளிக்கூடத்தில் அதே வயதில் ஒரு பிள்ளை, இடப் புருவத்தில் தழும்போடு, வாய் பேசாமல் நின்றது. என்னுடையது என்றேன். தந்தார்கள். தர்சிகாவின் சட்டைகள் அளவாக இருந்தன. பெயரும் பிறப்புச் சான்றிதழும் கூட. பழுதானதின் இடத்தில் வேறொன்றைப் போடும் வேலையை, கணினி படிக்க முன்பே நான் செய்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் ஒரு படத்தை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். படங்களுக்கு வரிசை இலக்கம் இருந்தது. ஒன்று குறைந்தால் கேள்வி வரும். எல்லாம் போனால் அது விபத்து.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்ஆவுக்குப் போனார்கள். சிவரூபினி வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பழுதானதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பிறகு, வெறும் டிஸ்க்கிலிருந்து நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுக்கச் சொன்னேன். நிறைந்திருந்ததின் மேல் வெறுமை ஏறத் தொடங்கியது. இயந்திரம் மறுக்கவில்லை. அதற்குச் சொன்னதைத்தான் அது செய்யும்.

ஜவுபர் காக்கா தொப்பியோடு வந்து என் தோளில் கை வைத்து, திரையில் கூடிக்கொண்டிருந்த நூற்றுவீதத்தைப் பார்த்தார்.

"ஏறுது என்ன?"

"ஓம் காக்கா, ஏறுது."

"அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி, இன்னும் கொஞ்சந்தான். இவன்ட கை ராசியான கை."

முடிந்தபோது ஒரு படமும் இல்லை. பழுதான டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம், சுழலவே இல்லை. ஜவுபர் காக்கா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி எனக்கே ஆறுதல் சொன்னார்: "நீ என்ன செய்வாய் மனே, மிசினுக்குக் கண்ணா இரிக்கி?"

சிவரூபினி அழவில்லை. தன் போத்தல் தண்ணீரை எனக்கு நீட்டினாள்.

"உங்களுக்குப் பிள்ளை இரிக்கா தம்பி?"

"ஓம் அக்கா. ஒண்டு."

"கவனமாப் பாத்துக்கங்க."

அடுத்த மாதமே நாவிதன்வெளிக்குக் குடிபோனோம். வயல் பக்கம், கடல் சத்தம் கேட்காது. பிள்ளைக்கு நல்லது. அவள் சொன்னபடி கவனமாகத்தான் பார்க்கிறேன். அந்தத் தழும்புக்கு நான்தான் எண்ணெய் தடவுகிறேன், மங்கிவிட்டது. கூப்பிட்டுக் கேளுங்கள், என்னைத்தான் அப்பா என்பாள். நீங்கள் டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பி, நகல் எதிலிருந்து எதுக்கு ஏறியது என்று சோதித்திருக்காவிட்டால், இதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

கடன் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. ஆலையில் வாங்கிய பிளேன்டீ வரைக்கும் தீர்த்துவிட்டுத்தான் வந்தேன். சிவரூபினிக்கு ஒரு பிள்ளை கொடுக்கக் கிடக்கிறது. அது மட்டும் நிற்கிறது.