சின்ன ஓட்டை, பெரிய சத்தம்

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். ஆடுகோடி போற பஸ்ல முன்சீட்டுல ஒரு அக்கா, மடியில கைக்குழந்தை, பக்கத்துல வீட்டுக்காரரு. குழந்தை இதயத்துல கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல ஓட்டையாம். ஸ்கேன் எடுத்துட்டு வர்றாங்க.

"ஓட்டை சின்னதாயிடுச்சாம், ஸ்டெத் வச்சா கேக்குற சத்தம் மட்டும் ஜாஸ்தியாயிடுச்சாம். யார்கிட்ட கதை வுடுறாங்க?"ன்னுச்சு அக்கா.

"பைப் வாய விரலால அடைச்சா தண்ணி சீறுதில்ல? அப்படித்தான்னு டாக்டர் சொன்னாரே."

"நான் அழுததப் பாத்துட்டு பொய் சொல்லியிருப்பாரு. ஆபரேஷன் வேணாம்னா மறுபடி ஏன் வரச் சொல்றாரு?"

"முழுசா மூடுதான்னு பாக்கத்தான்டி."

"மருந்தே இல்லாமயா?" அக்கா குழந்தை நெஞ்சுல காதை வச்சுது. பஸ்ஸோ கடகடங்குது. "எனக்கு ஒண்ணுமே கேக்கல. பொய்யிதான்."

ராத்திரி ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன் சொன்னான்: "ஓட்டை மூடிருச்சுன்னா, சத்தம் எங்கடான்னு அந்த அக்கா டாக்டர்கிட்ட சண்டைக்குப் போவும் பாரு."