மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவன்

ரிவர்ஸ் எடுப்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் தகராறுதான், ஐயா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குப் பின்னால் நிற்பது தெரியவில்லையா என்று என் மனைவி கேலி செய்வாள்.

முதல் முறை நடந்தது நிஜமாகவே தற்செயல். எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் பல் டாக்டரின் கார்க் கதவை உரசிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கமுக்கமாகப் போயிருக்கலாம். ஆனால் மாடியேறி, மணியடித்துச் சொன்னேன். அவர் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"இந்தக் காலத்துல யாருங்க வந்து சொல்றாங்க? இடிச்சிட்டு ஓடுறவங்கதான் ஜாஸ்தி."

ஒரே வாரத்தில் கட்டடம் முழுக்க என் பேச்சுதான். குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவி தேடி வந்தது. வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்த என்னை மனைவி நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

ஆனால் நல்ல பெயர் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. அடுத்த முறை ஸ்டீயரிங்கை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாகத் திருப்பினேன். தப்பாக நினைக்காதீர்கள். இடித்தேன், ஒப்புக்கொண்டேன், செலவையும் ஏற்றுக்கொண்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம் பழகிவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் "விடுங்க சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். புது வண்டிக்காரர்கள்தான் முதலில் துடிப்பார்கள், பிறகு மனம் உருகி மன்னிப்பார்கள். ருசி அதில்தான்.

கீழ்வீட்டு டீச்சரம்மா ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். மகனோடு இருந்தார். அன்று நான் கடைக்குக் கிளம்பும்போது, அவருடைய புதுக் கார் என் வண்டிக்குப் பின்னால் பளபளவென்று நின்றது. எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. மெதுவாகத்தான் பின்னால் எடுத்தேன். வழக்கமான தகரச் சத்தம் வரவில்லை. இறங்கிப் பார்த்தேன். பம்பரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக் குனிந்திருந்தவர், இரண்டு வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் முன்னால எடுப்பா. மூச்சு விட முடியல." குரலில் கோபமே இல்லை.

எடுத்தேன். அவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. இது தெரிந்தால், இதுவரை நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். நேர்மையின் மேலேயே நம்பிக்கை போய்விடும். போனைப் பைக்குள் வைத்தேன். ஆனாலும் அவரைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை; மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு மாடியேறி வீட்டுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் சத்தம் போட்டு எல்லோரும் ஓடிவந்தபோது நானும் ஓடிவந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் என்ற முறையில் நான்தான் பேசினேன். "செஞ்சவங்க யாரா இருந்தாலும் தானா வந்து ஒத்துக்கணும்" என்றேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. என் பம்பர் பட்டு அந்தப் புதுக் காரின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. மகனிடம் போனேன்.

"அம்மா போனதுக்கு முந்தின நாள் நான்தான் உரசிட்டேன் தம்பி. மன்னிச்சிடுங்க."

அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்து, மெல்ல விலகிக் கேட்டார்:

"வண்டி அம்மா போன அன்னைக்குக் காலையிலதானே சார் ஷோரூம்லேர்ந்து வந்துச்சு?"

ஆமாம் ஐயா, டீச்சரம்மாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் மறக்காமல் எழுதுங்கள்: அந்தக் கீறலைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.