வெள்ளையம்மா தோளுக்குச் சடையன் கை

இன்னிக்குக் காலையில கண்ணு முழிச்சதும் நான் செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா? காபி இல்லைங்க. சுவர் பக்கமா திரும்பி நின்னு, வலது கை விரலால சுவத்துல மெல்ல மெல்ல மேல ஏறினேன்... பல்லி மாதிரி. ஏன் சிரிக்கிறீங்க, பிசியோதெரபிஸ்ட்டுகளா? நீங்க சொல்லிக்கொடுக்கிற பயிற்சிதானே! நாப்பது தாண்டினா சிலருக்குத் தோள் தானா இறுகும். அப்படி ஏறும்போது ஒருத்தர் ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன். அவர் கதையைச் சொல்லிடுறேன்... சின்னதுதான். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

கல்வராயன் மலையில ஒரு ஊர். அங்க வெள்ளையம்மான்னு ஒரு அம்மா. தோள் இறுகிப்போச்சு. சடை பின்ன முடியலை, ரவிக்கை போட முடியலை, விறகுக்கட்டைத் தலைக்கு ஏத்த முடியலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டா கை அப்படியே நின்னுடும். ஆஸ்பத்திரி மலைக்குக் கீழ. என்ன செய்யிறது?

நம்மகிட்டதான் போன்லயே பயிற்சி கொடுக்கிற ஆன்லைன் திட்டம் இருக்கே! இதே ஹால்ல பயிற்சி எடுத்த பிசியோ ஜெபராணி, வெள்ளையம்மா வீட்டுக்காரர் சடையன் போன்ல அதைப் போட்டுக்கொடுத்தா. போன் முன்னாடி நின்னு கையைத் தூக்கணும். எவ்வளவு தூரம் போகுதுன்னு போனே அளந்து ஜெபராணிக்கு அனுப்பிடும். நல்லாத் தூக்கினா, "சபாஷ்!"னு ஒரு பொண்ணு குரல் சொல்லும். ஜெபராணி திரையில உடம்பு தெரியாது... கோட்டுப் பொம்மை மட்டும்தான் தெரியும். பெண்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு நாமதான் யோசிச்சு வச்சோம். நாம எவ்வளவு புத்திசாலி!

முதல் நாளே கை காது வரைக்கும் போச்சு. மறுநாளும் போச்சு. தினமும் பச்சை டிக். ஜெபராணிக்கு ஒரே குஷி. "அற்புதம் மேடம்!"னு எனக்குப் போன் பண்ணா. முதல் நாளே எப்படிம்மா போகும்னு அவளும் யோசிக்கலை... நானும் கேக்கலை. பச்சையைப் பார்த்தா நமக்குக் கண்ணு மறைஞ்சிடுதே!

வெள்ளையம்மாவைத் திட்டத்துல இருந்து விடுவிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டு ஜெபராணி சடையனைப் போன்ல கூப்பிட்டா.

"அண்ணே, அக்கா தோள் சரியாயிடுச்சு. இனிமே பயிற்சி வேண்டாம்."

"என்னங்க டாக்டரம்மா சொல்றீங்க? அவ இன்னும் சடை பின்ன என் பொண்ணைத்தானே கூப்பிடுறா?"

"கை காது வரைக்கும் போகுதே, நான் பார்க்கிறேனே!"

"அதுங்களா... அது என் கைங்க."

(சிரிங்க, சிரிங்க... ஜெபராணி அன்னிக்குச் சிரிக்கலை.)

"நீங்க ஏண்ணே செய்யிறீங்க?"

"சிக்னல் டீக்கடை வாசல்ல மட்டும்தாங்க கிடைக்கும். அங்க பத்து ஆம்பளை உட்கார்ந்திருப்பான். அவனுங்க முன்னாடி இவ நின்னு கையைத் தூக்குவாளா? 'நீயே போய்யா'ன்னுட்டா. நீங்க ஒருநாள் கூட விடக்கூடாதுன்னீங்க. நான் விடலைங்க! போனும் வேணாம்னு சொல்லலை... சபாஷ்னுதான் சொல்லுச்சு."

பின்னாடி டீக்கடையில ஒரு குரல்: "யோவ் சடையா, மாஸ்டரும் கூடச் சேர்ந்து தூக்குறாருன்னு சொல்லுய்யா! அவருக்கும் வலி போயிடுச்சாம்!"

எப்படி? ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் தோள் சரியாயிடுச்சு... வெள்ளையம்மாவைத் தவிர!

மறுநாளே ஜெபராணி பஸ் ஏறினா. வீட்டுக்குள்ள உட்கார்ந்து, அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தா. எந்த அளவு வலியில நிறுத்தணும்னு காட்டினா. அப்புறம் சடையன் பக்கம் திரும்பினா. "அண்ணே, இந்தத் திட்டத்துல உங்களை மாதிரி ஒழுங்காக் கத்துக்கிட்டவங்க யாருமில்லை. கதவைச் சாத்திட்டு அக்காவுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்க."

மாசக்கணக்கு ஆச்சு. ஆனா கை ஏறுச்சு. அடுத்த தடவை போனப்ப வெள்ளையம்மா தானே சடை பின்னிட்டு ஒரு புகார் சொன்னாங்க. "அந்தப் போன் ஒரு தடவைதான் சபாஷ் சொல்லும். இந்த ஆளு சோறு பொங்குறப்பவும் வந்து நின்னு சொல்றாரும்மா! நிறுத்தச் சொல்லு!"

இப்ப உங்ககிட்ட வர்றேன். பிசியோ இருக்கீங்க, டயட்டீஷியன் இருக்கீங்க, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க இருக்கீங்க. மூணு நாளா எந்தப் பட்டனை அமுக்கணும்னு கத்துக்கிட்டீங்க. "அக்கா, எங்க நின்னு செய்வீங்க? அங்க யார் யார் இருப்பாங்க?" இதை யாராவது கத்துக்கொடுத்தோமா? அந்தக் கேள்வி இல்லாம திட்டத்தை மலைக்கு அனுப்பினா, திட்டம் மட்டும்தான் மலை ஏறும்... வைத்தியம் கீழேயே நின்னுடும். திரையில டிக் வந்தா, அது யாரோட கைன்னு கேளுங்க.

அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன். இன்னும் யாருக்கும் சொல்லலை... முன்வரிசையில இருக்கிற நம்ம இயக்குநருக்கும் தெரியாது. சார், எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. நாளைக்குத் தேர்வு இந்த ஏசி ஹால்ல கிடையாது. காலையில பஸ் மலைக்குப் போகுது. ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரங்க தலையாட்டினாத்தான் சான்றிதழ்.