ஐந்தாம் வேற்றுமைக்காரர்

மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் கணினிப் பிரிவுத் தோழர்களே, வணக்கம்.

வெளியுறவுத் துறையின் மூத்த சட்ட ஆலோசகர் மறைந்துவிட்டார். 'இலிருந்து' என்ற ஓர் உருபை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்காக, அவருக்கு 'ஐந்தாம் வேற்றுமை' என்று பட்டம் சூட்டிய பாவி நான்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத் தாக்குதலில் நம் மருத்துவமனைகளின் கணினிகள் ஒரே காலையில் முடங்கின. மாலைக்குள் குற்றவாளி நாட்டின் பெயர் வேண்டும் என்றது மேலிடம். பதிலுக்கு அங்கே மின்சாரத்தை முடக்க எல்லாம் தயார். காரணம் மட்டும்தான் பாக்கி. அவருடைய அறிக்கை வரைவில் "அந்த நாட்டிலிருந்து தாக்கினார்கள்" என்றிருந்தது. அறிக்கைகளைச் செப்பனிடும் நான் அதை "அந்த நாடு தாக்கியது" என்று சுருக்கினேன். நல்ல நடை. போர்கள் தொடங்கும் நடை!

என் அறைக்கு வந்தார்.

"தம்பி, 'இலிருந்து' எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர் அங்கதானே அண்ணா இருக்கு?"

"என் வீட்டு மாடியில நின்னு எவனோ கல்லெறிஞ்சா, நான் எறிஞ்சதா ஆயிடுமா? நான் சொல்லி எறிஞ்சானான்னு பாருங்க. சர்வதேசச் சட்டம் கேக்கறது அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' பதினொரு மாதம் பிடித்தது. எதிரியின் ஆள் என்றார்கள். பதவி உயர்வு போயிற்று. நான் சுருக்கிய அறிக்கையில் அவர் கையெழுத்து மட்டும் விழவில்லை. அண்ணி சொல்வார்: "வீட்லயும் அப்படித்தான். பால் பொங்கி வழிஞ்சா, அடுப்பைப் பத்தவைக்கச் சொன்னது யாருன்னு விசாரணை வைப்பாரு."

கடைசியில் என்ன கிடைத்தது? தாக்கச் சொன்ன உத்தரவே கிடைத்தது! போட்டது நாம் சந்தேகப்பட்ட நாடல்ல. அதன் கணினிகளுக்குள் ஒளிந்துகொண்ட வேறொரு நாட்டின் ராணுவப் பிரிவு. அன்று என் நடை ஜெயித்திருந்தால், நாம் இருட்டாக்கியிருக்கும் ஊர்களில் மருத்துவமனைகள் எத்தனை? அங்கே பிழைத்தவர்களுக்கு இவரைத் தெரியாது. தெரியாமலே இருப்பதுதான் இவர் செய்த வேலை.

போன மாதத் துறைமுகத் தாக்குதலின் கோப்பு அவர் மேசையில் திறந்திருக்கிறது. "உத்தரவு யாருடையது?" என்பது கடைசி வரி. பதில் இல்லை. அவருக்கு அஞ்சலியாக இந்த மேடையிலேயே ஒரு நாட்டின் பெயரை அறிவிக்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மேலிடத்திலிருந்து வந்தது; ஆனால் மேலிடம் சொன்னதா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

அறிவிக்க மாட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தேடுவது இனி என் பொறுப்பு. கிடைத்த அன்று, எவ்வளவு பெரிய நாடானாலும், பெயரைச் சொல்வேன்.

வாசலில் நிருபர்கள் காத்திருக்கிறார்கள். எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம். வெளியே போகும்போதும் அதைக் கலைக்க வேண்டாம்.