இரண்டு கதவுக் கார்

லொறிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு காரைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பாரம் குறைவாக இருக்க வேண்டும். நாலு சக்கரமும் தரையில் உருளும்போது ஸ்டேரிங் தானாகத் திரும்பிக் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் நாள் முழுக்க இழுபட்டாலும் கியர் பெட்டி சூடேறக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் வாங்குகிறவரின் குடும்பத்தைப் பொறுத்தது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் துரைக்கு நான் கெட்ட காரைக் காட்டிவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

என் பெயர் வீரய்யா. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபெக்டரி ஃபிட்டர். தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறுமுன், துரைசாணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மூன்று மாதம் இலங்கையைச் சுற்ற ஆசைப்பட்டார். பட்டாளம் விட்டுப்போன பழைய லொறி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் ஒரு வீடு கட்டித் தரச் சொன்னார். கட்டினேன். நாலு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் திரைச்சீலை வரைக்கும். ஆனால் அத்தனை பெரிய உருப்படியைச் சந்து பொந்துக்குள் ஓட்ட முடியாது. ஓரிடத்தில் அதை நிறுத்திவிட்டு ஊர் சுற்ற ஒரு குடும்பக் கார் வேண்டும். 1951 தை மாதம் அது.

விலைக்கு மூன்று கார்கள் வந்தன. கறுப்புக் கார் அகலமானது, சொகுசானது, ஆனால் இரும்பாய்க் கனத்தது. மலையேற்றத்தில் லொறி மூச்சு வாங்கும் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். பச்சைக் காருக்கு நாலு கதவு. துரைசாணிக்கு அதில்தான் கண். சாம்பல் நிறக் கார் சின்னது, இரண்டே கதவு. பின்னால் உட்கார்ந்தவர் இறங்க வேண்டுமென்றால் முன் ஆசனத்தைச் சாய்த்துத்தான் இறங்க வேண்டும். பின்பக்க ஜன்னல் கண்ணாடியும் இறங்காது.

“வீரய்யா, எந்தக் காரு நல்லம்?” என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“சாம்பல் காருங்க தொரை. பின்னால கதவு இல்லீங்க. புள்ளைங்க வெளையாட்டுக்குத் தொறந்து விழுந்துடாதுங்க.”

துரைசாணி ஒத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அதில் பொய்யே இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இன்றைக்கும் நான் அதையே சொல்வேன்.

அதற்கு இரண்டு வாரம் முந்தி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிரஜாவுரிமைக்கு மனுப் போட ஆவணி மாதம் கடைசித் தவணை என்று தோட்டமெல்லாம் ஒரே பரபரப்பு. நான் வட்டவளையில் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்தவன். என் அப்பனைப் புதைத்ததும் அங்கேதான். இந்தியாவை நான் கண்ணால் கண்டதில்லை. பிரஜாவுரிமைக் கடுதாசி இல்லாதவனைப் புதுத் துரை ஃபெக்டரியில் வைத்திருக்க மாட்டார், இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று வேறு பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஆபீசில் பெரிய கிளாக்கர் றோலண்ட் ஐயாவிடம் போய் நின்றேன். அவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒன் விசயம் சரிவராது போலருக்கே வீரய்யா. ஒம் பொஞ்சாதி நாலு வருசம் இந்தியாவுல இருந்திருக்கு. புருசன் மட்டும் இருந்தாப் பத்தாதாம், பொஞ்சாதியும் இங்கனயே இருந்திருக்கணுமாம்.”

“நான்தானுங்களே அனுப்புனேன். சண்டையில ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான்னு பயந்து…”

“அதெல்லாம் எழுத பாரத்துல எடமில்லப்பா.” அவர் சிரித்தார். “நீ பேசாம ஒண்டிக்கட்டையா இருந்திருக்கலாம். பொஞ்சாதி செத்தவனுக்கும் அதே சட்டந்தான். பத்து வருசம் இங்க இருந்தேன்னு காட்டுனாப் போதும்.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராக்காயி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பதினாறு வருடம் குடும்பம் நடத்தினோம். பிறந்த ஒரே பிள்ளையும் ஆறாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. நாற்பத்திரண்டாம் வருடம் நான் அவளை அனுப்பியபோது, “செத்தா ரெண்டு பேரும் ஒண்ணாச் சாவோம், நான் போகமாட்டேன்” என்று ஸ்டேசனில் அழுதாள். நான்தான் அதட்டி ரயிலேற்றினேன். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. அந்த வகையில் தவறு என்னுடையதுதான். ஆனால் நடந்ததைத் திருப்ப முடியாது, அவள் போய்வந்த நாலு வருடத்தைப் புத்தகத்திலிருந்து சுரண்டவும் முடியாது. சுரண்ட முடியாததை விட்டுவிட்டு முடிந்ததைப் பார்த்தேன்.

காரை வாங்கியதும் துரை ஒரு நிபந்தனை போட்டார். நாலு பேர் பாரத்தோடு ஒரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன் என்றார். பொறுப்பான மனிதர். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை, துரையும் கிளப்புக்குப் போய்விட்டார். முன் ஆசனங்கள் இரண்டிலும் ஆளுக்குப் பதிலாக ஒவ்வோர் உர மூட்டையை ஏற்றினேன். ஆசனத்தைச் சாய்க்க முடியாதபடி அணைத்து வைத்துக் கயிறு போட்டேன். ஆனால் அதற்கு முன்பே ராக்காயியைப் பின்னால் ஏற்றிவிட்டேன்.

“நெசமாவா? தொரைசாணி ஏறுற காருலயா?” என்று அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “கால் கழுவிட்டு ஏறவாங்க?”

கழுவிவிட்டுத்தான் ஏறினாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். ஒரு போத்தலில் தேத்தண்ணீரும் துணியில் சுற்றி இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டாள். கொழுந்து லொறியில் நின்றுகொண்டு போயிருக்கிறாளே தவிர, அவள் அதுவரை காரில் உட்கார்ந்ததில்லை. லயத்தைத் தாண்டும்போது பெண்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். மீனம்மா, “அடி ஆத்தீ, ராக்காயி தொரைசாணி ஆயிட்டாடியோய்!” என்று கத்தினாள். லொறிக் கண்ணாடியில் பார்த்தேன். இவள் தலையை நிமிர்த்திக்கொண்டு கையாட்டினாள். பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு ஆசையை நான் நிறைவேற்றினேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏறும் பாதையில் ஓர் இடத்தில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே ஆறு. ஏற்றத்தின் நடுவில் லொறியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். காரையும் லொறியையும் இணைத்த இரும்புத் தண்டைப் பூட்டி வைத்திருந்தது ஒரே ஓர் இரும்பு ஆணி, நாங்கள் பின் என்போம். இழுத்துப் போகிற காரில் பிரேக் போட்டு வைக்க மாட்டார்கள், அது முறை. முந்தின நாளே பின்னுக்கு நன்றாகக் கிறீஸ் பூசியிருந்தேன். நான் குனிந்தபோது கார்க் கண்ணாடி வழியாக அவள் போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

“ஏங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்களேன். ஆறிப்போயிரும்.”

கண்ணாடிக்குப் பின்னால் குரல் சின்னதாகக் கேட்டது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சுத்தியலால் இரண்டு தட்டு, பின் கழன்றது. கார் முதலில் மெதுவாகத்தான் பின்னால் போனது. அவள் பயப்படவில்லை, நான் ஏதோ சோதனை செய்வதாக நினைத்திருப்பாள். திருப்பத்தை நெருங்கும்போதுதான் முன் ஆசனத்தைத் தள்ளத் தொடங்கினாள்.

பிறகு நான் அழுதது நிஜமான அழுகை. உடைந்த பழைய பின் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதைப் பாதையில் போட்டேன். பின் முறிந்து நடந்த விபத்து என்று விசாரணையில் எழுதினார்கள். துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, பாரம் ஏற்றச் சொன்னது தன் பிழை என்று கண் கலங்கினார். நல்ல மனிதர், எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் காரே இல்லாமல்தான் இலங்கையைச் சுற்றினார்.

ஆனி மாதம் மனுப் போட்டேன். ‘மனைவி இறந்துவிட்டார்’ என்று றோலண்ட் ஐயாதான் பாரத்தில் எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்தேன். போன வாரம்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி மரியாதையானவர், உட்காரச் சொன்னார்.

“1946 தை முதலாம் திகதி உமது மனைவி உயிரோடு இருந்தாரா?”

“இருந்தாள்.”

“எங்கே?”

“இந்தியாவில்.”

“அந்தத் திகதியைத்தான் சட்டம் பார்க்கிறது. அதற்குப் பிறகு அவர் இறந்தது இதில் சேராது” என்று சொல்லிவிட்டுப் பாரத்தை மூடினார்.

அந்தத் திகதியை எனக்கு யாருமே சொல்லவில்லை, ஐயா. றோலண்ட் ஐயாவை நினைத்தால் வயிறு எரிகிறது. அரைகுறையாகப் படித்துவிட்டு ஒருவனுக்குச் சட்டம் சொல்லலாமா? இவர் வாயைக் கேட்டு ஒரு மனுசியின் உயிர் அநியாயமாகப் போய்விட்டது.

யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, நானாகத்தான் இங்கே வந்தேன். இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதி அந்த அதிகாரிக்குப் போக வேண்டும். இந்த மண்ணில் இருப்பதற்காக ஒருவன் இதைவிட என்னத்தைச் செய்து காட்ட முடியும் என்று அவர் யோசிக்க வேண்டும். யோசித்தால் மனது மாறும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் வாசித்துக் காட்டியது எல்லாம் சரி. என் மனைவி ராக்காயியைத் திட்டம்போட்டு நான்தான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். மேலே என் பெயருக்குப் பக்கத்தில் ‘இந்தியர்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.