பீங்கான் பத்திரம்

— டவரு கெடக்கட்டும்ண்ணே. நீங்கள்லாம் தங்கியிருந்த ரூமு, அந்த எடத்துக்குப் போனீங்களா, இல்லியா? அத்த சொல்லுங்க மொதல்ல.

— அதத்தான காசியம்மா சொல்ல வரேன். மாதாவே, சொல்ல வுட மாட்டேங்கிறியே! டவரச் சொன்னாத்தான் ரூமு கதை புரியும். அப்பல்லாம் குவைத்து சிட்டியில எங்க நின்னாலும் அந்த நீல உருண்டை டவரு தெரியும். அத வெச்சித்தான் எங்களுக்குத் தெசையே. இப்ப அத மறைச்சிக்கினு கண்ணாடிக் கட்டடமா எழுப்பி வெச்சிருக்கானுங்க. அண்ணாந்தா கழுத்து வலிக்குது, குனிஞ்சா ரோடு புரியல. கருமம், ஒரு ஊரு இப்படியா மாறும்?

— ஸ்தனிஸ்லாஸ் அண்ணே, நான் ஒங்கள ஊரு பாக்கவா அனுப்பிச்சேன்?

— நீ எங்க அனுப்பிச்ச? எம்மவன் ஜெரோம் விசிட் விசா எடுத்தான், நான் போனேன்.

— சரி, போறவருகிட்ட ஒரு வேல சொன்னேன். அந்த ரூமுக்குக் கீழ ரொட்டிக்கடை வெச்சிருந்த ஆளு, எதுத்தாப்புல மளிகைக் கடை மலையாளத்தாரு, யாராச்சும் ஒருத்தருகிட்ட கேளுங்கன்னேன். அந்த குவைத்து சண்டைக்கு அப்புறம் தென்றல் அப்பாவ யாராச்சும் கண்ணால பாத்தாங்களா? செத்தாரா, இருக்காரா? இத்த வுட்டுட்டு டவரு, கண்ணாடின்னா நான் என்னா செய்யட்டும்? சோத்து மணி முடியறதுக்குள்ள சொல்லுங்க. அப்புறம் கம்பெனி சூளையில அகலு அடுக்கப் போவணும்.

— நல்லா சொன்ன. தென்றல் அப்பா, தென்றல் அப்பான்னா அங்க எவனுக்குத் தெரியும்? காத்தவராயன்னு பேரச் சொன்னாத்தான தெரியும்?

— அது நீங்க சொல்லணும். நான் அவரு பேரச் சொல்றதில்லன்னு ஒங்களுக்குத் தெரியும்.

— சொன்னேம்மா, சொன்னேன். யாருகிட்டச் சொன்னேன்னு கேளு. சொவத்துகிட்ட!

— கத்தாதீங்க. எனக்கு மட்டும் கத்தத் தெரியாதா? காலையிலருந்து எங் கொழுந்தன் கலியமூர்த்தி பிரஸ்ல உக்காந்துக்கினு கம்பெனி ஆபீஸுக்குப் போனு மேல போனு போடறான். தென்றல் கல்யாணப் பத்திரிகையில அவன் அண்ணன் பேருக்கு முன்னாடி ‘திரு’வா, ‘தெய்வத்திரு’வா? அந்த ஒரு எடத்த வுட்டுட்டு மத்ததெல்லாம் அச்சுக் கோத்தாச்சாம். பிரஸ்காரன் மொறைக்கிறானாம்.

— மாப்பிள வூட்டுல என்னா சொல்றாங்க?

— சேத்தியாத்தோப்புக்காரங்க வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னுட்டாங்க. ஒண்ணு, பொட்டும் பூவுமா மணவறையில நில்லுங்க, புருசன் எங்கன்னு கேட்டா பதில் சொல்லுங்க. இல்லனா அழிச்சிட்டு ஓரமா நில்லுங்க. நடுவுல நிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. பதினெட்டு வருசமா நான் நடுவுலதாண்ணே நிக்கிறேன்.

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? சண்டைக்குப் பயந்து ஊரு திரும்பக் கெளம்புன அன்னிக்கு பஸ்ஸுல எடம் புடிச்சி வெச்சிக்கினு நானும் எங்க ரூமு நடராசனும் கத்தறோம். ‘நீங்க போங்கடா, அடுத்த பஸ்ஸுல வரேன்’னான்.

— அத்த நூறு வாட்டி சொல்லிட்டீங்க. புதுசா என்னா?

— புதுசா என்னன்னா, பதினாலு வருசம் இருந்த ஊருல எனக்கு ஒரு தெரு பேரு தெரியலம்மா! இதான் புதுசு. ஜெரோம் கேக்குறான், ‘அப்பா, ஏரியா பேரச் சொல்லுங்க, கூட்டிக்கினு போறேன்’னு. நான் பாலக்கரைங்கிறேன். அவன் தலையில அடிச்சிக்கிறான்.

— பாலக்கரையா? நம்ம பாலக்கரையா?

— நம்ம பாலக்கரைதான். அரபியில வாயில நொழையாத ஒரு பேரு அந்த ரவுண்டானாவுக்கு. பாலம் ஒண்ணு கிட்டவே. காத்தவராயன்தான் வந்த மறுநாளே, ‘அட, இது விருத்தாசலம் பாலக்கரை மாதிரியே இருக்குதுடா’ன்னான். அன்னியிலருந்து ரூமுல நாலு பேருக்கும் அது பாலக்கரைதான். மார்க்கெட்டு கடைவீதி, பஸ்ஸு ஸ்டாண்டு ஜங்ஷன். ஜாலியா இருந்துச்சி. நெச பேர ஒருத்தனும் தெரிஞ்சிக்கல. இப்ப எவன்கிட்டப் போயி கேக்கறது?

— கேக்காமலே வந்துட்டீங்களா?

— வருவனா? ஜெரோம் ஆபீஸு போனதும் நானே கெளம்பிட்டேன். வெயிலு மண்டைய பொளக்குது. டாக்ஸி ஒண்ணொண்ணா நிறுத்தறேன். ‘பாலக்கரை’ங்கிறேன். ஒருத்தன் முழிக்கிறான், ஒருத்தன் சிரிக்கிறான், ஒரு பாகிஸ்தான்காரன் என்னைய பைத்தியம்னு நெனச்சி கண்ணாடிய ஏத்திக்கினு போயிட்டான். கடைசியா ஒரு பெங்காலிக்காரன் நிறுத்தினான். ‘பால்கரை? ஆவோ, ஆவோ’ன்னான். மாதாவே, எனக்கு அழுகையே வந்துடுச்சி. பரவாயில்லடா, நம்ம வெச்ச பேரு இன்னும் நெலைச்சி நிக்குதுன்னு ஒரு சந்தோஷம்.

— நேரா கொண்டாந்து வுட்டானா?

— நேரா. எறங்கிப் பாத்தா சந்தோஷமெல்லாம் போச்சி. ரவுண்டானா இல்ல, பழைய பாலம் இல்ல. மேல மேம்பாலம், கீழ காரு நிறுத்துற எடம். ரூமு இருந்த பில்டிங்க இடிச்சித் தள்ளிட்டு ஒரு பேங்கு. ரொட்டிக்கடையும் இல்ல, மளிகையும் இல்ல. வாட்ச்மேன் ஒரு நேபாளி, அவன் பொறந்தானோ இல்லியோ அப்ப! ‘காத்தவராயன், காத்தவராயன்’னு கேட்டுக்கினே சுத்தி வரேன். பொறுமையா தேடலாம்னா அந்த பெங்காலிக்காரன் ஆரன் அடிக்கிறான். என்னடான்னா, உஸ்தாத் பொண்ண ஸ்கூல்லருந்து கூட்டியாரணுமாம், நேரமாச்சாம்.

— உஸ்தாத்துன்னா?

— அவனுக்கு வண்டி கத்துக் குடுத்த ஆளு. அங்கல்லாம் அப்படித்தான் சொல்லுவானுங்க. நான் நிக்கிறேன் வேர்த்து ஊத்திக்கினு, அவனுக்கு உஸ்தாத் பொண்ணுதான் பெருசு. என்னையத் திருப்பி ஏத்திக்கினு வந்து ஜெரோம் வூட்டாண்ட தள்ளிட்டுப் போயிட்டான். அவ்ளோதான் காசியம்மா. அந்த ஊரு எங்கள தொடைச்சிப் போட்டுடுச்சி. நாங்க அங்க இருந்தோங்கறதுக்கு ஒரு செங்கல்லு கூட இல்ல.

— அப்ப ஒண்ணும் தெரியல.

— ஒண்ணும் தெரியல. நான் சொல்றத கேளு. இத்தினி வருசம் ஒரு தகவல் இல்ல. சண்டையில எத்தினியோ பேரு போயிட்டான். மனச கல்லாக்கிக்கினு ‘தெய்வத்திரு’ன்னே போடச் சொல்லு. நான் எங்க ஃபாதர்கிட்ட சொல்லி அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வெக்கிறேன்.

— மாட்டேன். செத்தாருன்னு எவனும் பாக்கலயே? பாக்காத சாவ எப்படி அச்சடிக்கிறது?

— அப்ப ‘திரு’ன்னு போடு! என்னைய ஏன் போட்டு வறுத்தெடுக்கற? போன எடத்துலயும் நிம்மதி இல்ல, வந்த எடத்துலயும் இல்ல. அந்த பெங்காலிக்காரன் வேற, போவும்போது என்னையக் கிண்டல் பண்றான். அந்த எடம் வந்ததும் வண்டிய நிறுத்திட்டு ஏதோ கண்டக்டரு மாதிரி கத்தறான், நம்ம பாஷையில. ‘பால்கரை, பால்கரை, பிங்கான் பத்ரம்’னு. என் கையில என்னா பீங்கானா இருந்துச்சி? தண்ணி பாட்டிலு ஒண்ணு.

— என்னா சொன்னான்?

— கிண்டலும்மா, வுடு.

— அண்ணே, அவன் கத்துனத அப்படியே திருப்பிச் சொல்லுங்க.

— ‘பாலக்கரை, பாலக்கரை, பீங்கான் பத்திரம்.’ எங்கடா கத்துக்கினன்னு கேட்டேன். உஸ்தாத் அந்த எடத்துல வண்டிய நிறுத்துறப்பல்லாம் அப்படித்தான் கத்துவாராம். உஸ்தாத் மதராஸியாம். அவனுங்களுக்கு மலையாளியும் மதராஸிதான், தெலுங்கனும் மதராஸிதான். ஏன், என்னா ஆச்சி? மொகம் ஏன் இப்படிப் போவுது?

— நீங்க எல்லாம் ரூமுல இருக்கும்போது அவரு இத்த சொல்லுவாரா?

— எத்த? பாலக்கரைன்னு சொல்லுவான். பீங்கான்லாம் நான் கேட்டதில்ல.

— கேட்டிருக்க மாட்டீங்க. குவைத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவரு வேப்பூரு பஸ்ஸுல கண்டக்டரு. நான் இந்த பீங்கான் கம்பெனியில கழிச்ச ஊறுகா ஜாடிங்கள கூடையில வெச்சிக்கினு அந்த பஸ்ஸுல ஏறுவேன், வேப்பூருல விக்கறதுக்கு. திரும்பி வந்து பாலக்கரையில எறங்குறப்போ விசில வாயில வெச்சிக்கினே கத்துவாரு, ‘பாலக்கரை, பாலக்கரை, பீங்கான் பத்திரம்’னு. வித்துட்டு வெறுங்கூடையோட எறங்குனாலும் கத்துவாரு. ஜாடிய சொல்லலண்ணே. என்னையச் சொல்லுவாரு. பஸ்ஸே சிரிக்கும்.

— காசியம்மா…

— கல்யாணத்துக்கு அப்புறம் வூட்டுல எனக்கு அதான் பேரு. பீங்கான். வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

— மாதாவே! அப்ப காத்தவராயன் உசுரோட இருக்கான்! மடையன், மடையன், நான் ஒரு மடையன்! காதுல கேட்டுட்டு தண்ணி பாட்டிலப் பத்தி யோசிச்சிக்கினு இருந்திருக்கேன். இரு, இப்பவே ஜெரோமுக்குப் போன் போட்டு…

— வேணாம்.

— என்னா வேணாம்? பாஸ்போர்ட்டு தொலைஞ்சிருக்கும்மா. மாட்டிக்கினு முழிப்பான். அங்க அந்த மாதிரி ஆயிரம் பேரு.

— பாஸ்போர்ட்டு இல்லாதவருக்கு ஸ்கூலு போற பொண்ணு எங்கருந்துண்ணே வந்துச்சி?

— அது… அது யாரு பொண்ணோ…

— உஸ்தாத் பொண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க. நேரமாச்சின்னு பறந்தானாம். எம் பொண்ணும்தான் ஸ்கூலு வாசல்ல நின்னா. எந்த அப்பன் டாக்ஸி அனுப்பிச்சான்? பரீச்சைக்கு அப்பன் பேரு கேட்டாங்க, எழுதினா. ரேஷன் கார்டுல கேட்டாங்க, வெச்சிருந்தோம். செத்தாரான்னு தெரியாம ஒரு அமாவாசைக்குச் சோறு படைக்கல, இருக்காரான்னு தெரியாம ஒரு தீவாளிக்குப் புதுசு கட்டல. அவரு அங்க என் பேரக் கத்திக்கினே வண்டி ஓட்டுறாரு!

— ஆசை இல்லாமயா கத்துவான்? யோசிச்சிப் பாரு. ஒன்ன மறக்கலம்மா அவன்.

— மறந்துட்டாருன்னா கூட மன்னிச்சிருப்பேன். ஒங்க செல்ல குடுங்க.

— கோவத்துல எதுவும் பேசிடாத. ‘திரு’ன்னு போடச் சொல்லு. உசுரோட இருக்கான், பொட்டோட நீ மணவறையில நிக்கலாம். அதான நீ கேட்ட?

— கலியமூர்த்தி நம்பரு இருக்கா பாருங்க. ம்… அலோ, நான்தான் அண்ணி பேசறேன். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. ஆமாம், தகவல் கெடைச்சிடுச்சி. பிரஸ்காரர எழுதிக்கச் சொல்லு. நான் சொல்ற மாதிரியே எழுதச் சொல்லு: தெய்வத்திரு காத்தவராயன்.