ஹை பாயிண்ட் சந்தையில் ஒரு பச்சை ஹால்

— அண்ணி, முதல்ல வாயை மூடு. ஈ பூந்துடும்.

— எப்படிடி மூடறது கிளெண்டா? அங்க பாரு, கட்டிலை ஊஞ்சல் மாதிரி சங்கிலியில கட்டித் தொங்கவிட்டிருக்கான்! ஐயோ, இங்க பாரேன், இத்தாம்பெரிய சாப்பாட்டு மேஜை, கால் ஒண்ணே ஒண்ணு. என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, கிறுகிறுன்னு வருது.

— நீ போடற சத்தத்துல காவலாளி வந்து ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சுக்குவான். உன் கழுத்துல தொங்கற அட்டையில என்ன பேரு இருக்கு, படி.

— பார்பரா. ஓஹியோவுல ஃபர்னிச்சர் கடை முதலாளி.

— அப்ப முதலாளி மாதிரி நட. பள்ளிக்கூட கேன்டீன்ல பிள்ளைங்களுக்கு மக்ரோனி அள்ளிப் போடற ட்வைலா ஹாஸ்கெட் இங்க வரவே இல்ல.

— முதலாளி எப்படிடி நடப்பா?

— எதைப் பார்த்தாலும் பிடிக்காத மாதிரி.

— அது எனக்கு ஆகாதும்மா. பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி உலகமே ஹை பாயிண்டுக்கு வந்து சோஃபா பார்த்துட்டுப் போகுது. நாங்க என்னடான்னா, வீட்டை அவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு, மூட்டை கட்டிக்கிட்டு வந்து உன் வீட்டுத் தரையில படுத்துக்கறோம். வியாபாரிகளுக்கு மட்டும்னு வாசல்ல போர்டு. ரோட்டுல நின்னு ஜன்னலைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைச்சுப்போச்சு.

— அதான் உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்ல? வீடு வாடகைக்குப் பிடிச்சுக் குடுக்கற எங்க ஆபீஸ் மூலமா வீடு எடுத்த ஓஹியோக்காரிங்க ரெண்டு பேருக்கும் வயித்தால போகுது, பாவம். அட்டை சும்மா கிடந்துச்சு. ஆனா நம்ம பேச்சு என்ன? அதைச் சொல்லு.

— ஞாபகம் இருக்கு.

— வாயால சொல்லு.

— பெரிய பெரிய டிசைனருங்க சுவத்துக்கு என்ன அடிக்கறாங்கன்னு நான் என் கண்ணால பார்க்கணும். எல்லாம் வெள்ளையா இருந்தா, திங்கக்கிழமை பெயிண்டர் ரஸ்டி வந்து என் ஹாலுக்கு வெள்ளை அடிப்பான். நான் குறுக்க நிக்கக் கூடாது.

— அழவும் கூடாது.

— அதெல்லாம் பேசிக்கவே இல்ல!

— உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் அண்ணி. சந்தைக்கு வர்ற அந்த ஆளு கேலவே, எத்தனை வருஷமா உன் வீட்டைத்தான் வாடகைக்கு எடுத்துட்டிருந்தாரு. திடீர்னு இந்த ஏப்ரலுக்கு வேணாம்னுட்டாரு. ஏன் சார்னு ஃபோன்ல கேட்டா மென்னு முழுங்கறாரு. வேற யாராவது எடுப்பாங்களான்னு ஹால் படத்தை அனுப்பினா, ஒருத்தன்கூட பதில் போடல. மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் பாசி பிடிச்ச கிணத்துக்குள்ள படுத்துத் தூங்குவான்?

— அது பாசி இல்லடி. கொதிக்கற தண்ணியில காலர்ட் கீரையைப் போட்டதும் ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை. அது வர்றதுக்கு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?

— அப்ப சீலிங்?

— செங்கல்.

— சீலிங்குக்கு எவளாவது செங்கல் கலர் அடிப்பாளா? எங்க அண்ணன் டாயில் அப்பாவி, அதுக்கடியில சத்தம் காட்டாம உக்காந்திருக்கான்.

— உங்க அண்ணன் என்னிக்குடி சீலிங்கைப் பார்த்தாரு? அவரு பார்க்கறது டிவியை.

— சரி சரி, நட. இது என்ன கலர்?

— வெள்ளை.

— இது?

— பால்ல ரெண்டு சொட்டு காபி விட்ட மாதிரி இருக்கு.

— வெள்ளைன்னு சொல்லு. அது?

— வெள்ளைதான். ஆனா இந்த சோஃபாவைப் பாரேன்! உக்காந்தா மடியில தூக்கி வச்சுக்கற மாதிரி இருக்கு. நீயும் உக்காருடி. குதி!

— எந்திரி ஓஹியோ, எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். சந்தோஷத்துல என் முழங்கால் வலியே போயிடுச்சு. அந்தத் தட்டுல சீஸ் வச்சிருக்காங்களே, காசு குடுக்கணுமா?

— வேணாம், சும்மாதான். ஒண்ணு எடு. ஒண்ணுன்னேன்! பைக்குள்ள போடாதே அண்ணி! சரி, இந்த மாடி முழுக்க வெள்ளை, கீழ் மாடியும் வெள்ளை. பேச்சுன்னா பேச்சு. ரஸ்டிகிட்ட உறுதி பண்ணிடட்டுமா?

— இன்னும் அந்தக் கடைசி வரிசை பாக்கி இருக்கு. அங்க ஏன் அவ்வளவு கூட்டம்? எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கறாங்க.

— வெள்ளையிலேயே புது வெள்ளை எதாவது வந்திருக்கும். வா, இப்படி உள்ள நுழை. எக்ஸ்கியூஸ் மீ, ஓஹியோ, வழி விடுங்க... அண்ணி? ஏன் நின்னுட்டே? ஏன் இப்படிக் கையை நசுக்கறே?

— கிளெண்டா.

— என்ன?

— அது என் ஹாலுடி.

— உளறாதே, உன் ஹால் எப்படி... ஐயோ. அண்ணி, இது உன் ஹால்!

— பச்சை சுவரு. செங்கல் சீலிங். அடுப்படியைப் பார்த்த மாதிரி சோஃபா. எனக்குச் சிரிப்பு வருதா அழுகை வருதான்னே தெரியலடி.

— நம்ம பிஸ்கட் நாய் கடிச்சுத் துப்பின திரைகூட இருக்கு! ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை!

— வாங்க வாங்க! ஓஹியோவா? ரொம்ப மகிழ்ச்சி. நான் மெரிட் கேலவே. இந்த அறை என்னோட படைப்பு. இந்த வருஷ சந்தையில எல்லார் வாயிலயும் இதுதான் பேச்சு.

— அண்ணி, காதைக் குடு. அதே குரல். ஃபோன்ல மென்னு முழுங்கின குரல்.

— உஷ், நீ சும்மா இரு. வணக்கம் சார், நான் பார்பரா. இவ்வளவு அழகா இருக்கே, இது எப்படி உங்களுக்குத் தோணிச்சு?

— கனவுல வந்தது மேடம். ஒரு நாள் விடியக்காலையில கண்ணை மூடிப் படுத்திருந்தேன், அப்படியே முழுசா வந்து நின்னுச்சு.

— கண்ணை மூடியா?

— மூடித்தான் மேடம்.

— சார், இந்தத் திரை ஒரு பக்கம் மட்டும் ஏன் குட்டையா இருக்கு?

— நல்ல கேள்வி! ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அது செத்துப்போன அறை மேடம். இந்தக் குறைதான் அறைக்கு மூச்சு.

— கேட்டியாடி, மூச்சாம். அந்த சோஃபாவுக்கு முன்னாடி பூப்போட்ட துணி, முதுகுக்குக் கோடு போட்ட துணி. அது ஏன் சார்?

— முன்பக்கம் உலகத்துக்குக் காட்டறது, பின்பக்கம் நமக்குள்ள வச்சுக்கறது. மனுஷ வாழ்க்கையே அதுதானே?

— நான் துணி பத்தாமப் போயிருக்கும்னு நினைச்சேன்.

— ஹா ஹா! ஓஹியோல நல்லா தமாஷ் பண்றீங்க.

— என்னால முடியல அண்ணி, சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா நோவுது.

— பொறுடி. அந்தக் கண்ணாடியை ஏன் சார் இடுப்பு உயரத்துல மாட்டியிருக்கீங்க? நின்னா என் வயிறுதான் தெரியுது.

— நின்னு பார்க்கற கண்ணாடி இல்ல மேடம் அது. உக்காந்து, அடங்கி, தன்னைத்தானே பார்த்துக்கற கண்ணாடி. அதுல ஒரு பணிவு இருக்கு.

— அப்ப அதுக்குப் பின்னாடி ஓட்டை போடலையா?

— என்ன ஓட்டை?

— எங்க வீட்ல அதுக்குப் பின்னாடி ஓட்டை இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஏணியைத் திருப்பறேன்னு இடிச்சு வச்சாரு. அதை மறைக்கத்தான் கண்ணாடியை அங்க மாட்டினேன்.

— மேடம்... நீங்க ஓஹியோதானே?

— ஓஹியோ எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது சார். நான் ட்வைலா ஹாஸ்கெட். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நீங்க கண்ணை மூடிப் படுத்த வீட்டுக்காரி.

— பார்த்தியா அண்ணி, முகத்தை! இப்பதான் சரியான வெள்ளை!

— மெதுவா பேசுங்க, தயவுசெஞ்சு. ஆர்டர் குடுக்கறவங்க சுத்தி நிக்கறாங்க. அதோட, இந்த அட்டை உங்க அட்டை இல்லன்னா நான் காவலாளியைக் கூப்பிட வேண்டி வரும்.

— கூப்பிடுய்யா! கூப்பிடு! நாங்க இரவல் அட்டையில வந்தவங்கதான். நீ இரவல் ஹால்ல நிக்கறே! எங்க அண்ணி இந்தப் பச்சைக்காக எத்தனை டப்பா கலந்து கலந்து கொட்டியிருக்கா தெரியுமா? கனவாம்ல கனவு!

— நீதானேடி இவ்வளவு நேரமும் பாசின்னு சொன்னே?

— நான் சொல்லுவேன். நான் நாத்தனார், எனக்கு உரிமை இருக்கு. இந்தாளு எப்படி எடுக்கலாம்? சார், முதல்ல உங்க முதலாளி நம்பரைக் குடுங்க.

— கிளெண்டா, ஒரு நிமிஷம் கத்தாம இரு. சார், என்னைப் பார்த்துச் சொல்லுங்க. பொய் வேணாம், பணிவு, மூச்சு அதெல்லாமும் வேணாம். என் ஹால் நல்லா இருக்கா?

— மேடம்...

— வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க சார். வர்றவங்க எல்லாம் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திட்டு, அப்புறம் வேற எதையோ பேசறாங்க. எனக்குத்தான் கண்ணு கோணலோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன். திங்கக்கிழமை வெள்ளை அடிக்கறதாவும் ஒத்துக்கிட்டேன். அதனாலதான் கேட்கறேன்.

— வெள்ளையா? வேணாம்! மேடம், என் தொழிலே அறைங்கதான். எத்தனையோ மாளிகைக்குள்ள போயிருக்கேன், போனதும் எப்படா கிளம்பலாம்னு இருக்கும். உங்க ஹால்ல உக்காந்தா சந்தைக்குப் போகவே மனசு வராது. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் போற நேரத்துக்கு அந்த விளக்கைப் போட்டா, சீலிங் மெல்லச் சிவந்து கீழ இறங்கி வர்ற மாதிரி இருக்கும். அதை நீங்க தெரிஞ்சேதானே பண்ணினீங்க?

— தெரிஞ்சுதான் பண்ணினேன்! கிளெண்டா, கேட்டியா? அதை ஒருத்தர் பார்த்திருக்காரு!

— பார்த்தது சரி. பார்த்துட்டு ஏன் ஓடினீங்கன்னு கேளு அண்ணி.

— திருடினவன் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அதே வீட்ல வந்து படுப்பான்? அதான் இந்தத் தடவை வேணாம்னேன். மன்னிச்சுடுங்க மேடம். நான் என்ன செய்யணும், சொல்லுங்க.

— அந்தச் சுவத்துப் போர்டுல இருக்கற உங்க பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. பெருசா.

— இப்பவேவா? இத்தனை பேர் முன்னாடியா?

— பேனா வேணுமா? என்கிட்ட இருக்கு, இந்தாங்க. ஹாஸ்கெட்ல கடைசியில ரெண்டு டி. ஊர் பேரையும் போடுங்க, ஹை பாயிண்ட்னு. கொட்டை எழுத்துல போடுங்க சார், படம் எடுத்துட்டுப் போய்க் காட்டினா எங்க அண்ணன் டாயில் கண்ணாடி இல்லாம படிக்கணும்.

— எழுதிட்டேன் மேடம். போதுமா?

— ஐயோ கிளெண்டா, என் பேருடி! இந்தக் கட்டடத்துக்குள்ள, சுவத்துல, என் பேரு! என்னைக் கிள்ளு. இன்னும் நல்லாக் கிள்ளு!

— கிள்ளினது போதும், என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அண்ணி, நான்தான் முட்டாள், போதுமா? இரு, உன் எதிர்லயே ரஸ்டிக்கு ஃபோன் போடறேன். ஹலோ, ரஸ்டியா? கிளெண்டா பேசறேன்ப்பா. திங்கக்கிழமை வராதே. எங்க அண்ணி ஹால்ல ஒரு சொட்டு வெள்ளை விழக்கூடாது. ஆமா, அந்தப் பச்சைதான், அது மேல எவன் கை வச்சாலும்...

— ஏய், குடுடி அந்த ஃபோனை. ரஸ்டி, நான் ட்வைலா. அவ பேச்சைக் கேட்காதே, திங்கக்கிழமை காலங்காத்தாலயே வந்துடு. அந்தப் பச்சை இனிமே ஊர்ல எல்லார் வீட்லயும் வந்துடும், எனக்கு அலுத்துப்போச்சு. என்ன கலரா? வீட்டுக்கு வா சொல்றேன், இங்க ஒருத்தர் பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறாரு.